எல்என்ஏ வடிவமைப்பு: பட்ஜெட்டிலிருந்து அளவீடு வரை, படிப்படியாக

வயர்லெஸ் ரிசீவரில் ஆன்டெனாவுக்குப் பின்னால் முதலில் உட்காரும் குறைந்த இரைச்சல் பெருக்கிதான் எல்என்ஏ. இதை முதல்முறை வடிவமைக்க வருபவர்கள் பெரும்பாலும் ஸ்மித் சார்ட்டில் தொடங்குகிறார்கள்; இம்பீடன்ஸைக் குறிக்கும் வட்ட வரைபடம் அது. டேட்டாஷீட்டிலிருந்து காமா ஆப்ட் (இரைச்சல் மிகக் குறைவாக வரும் இன்புட் பக்கப் பிரதிபலிப்பு மதிப்பு) எடுத்து, அதற்கு ஒரு இன்புட் மேட்சிங் (இம்பீடன்ஸை மாற்றித் தரும் சுற்று) போட்டு, சிமுலேஷனில் நாய்ஸ் ஃபிகர் (பெருக்கி தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) 0.5 டெசிபல் வந்ததும் போர்டைச் செய்யக் கொடுத்துவிடுகிறார்கள். வந்த போர்டு ஆஸிலேட் ஆகும் (தானாகவே சிக்னலை உருவாக்கும்), ஆகாவிட்டால் 1.5 டெசிபல் காட்டும். போட்ட கணக்கைப் பார்த்தால் அநேகமாகச் சரியாகவே இருக்கும். செய்த வரிசைதான் கோளாறு.

நான் பின்பற்றும் வரிசை இது: பட்ஜெட், டிரான்சிஸ்டர், பயாஸ் (டிரான்சிஸ்டரை இயக்கும் டிசி மின்னழுத்தமும் மின்னோட்டமும்), ஸ்டெபிலிட்டி (ஆஸிலேட் ஆகாமல் இருப்பது), அதன் பிறகே இன்புட் மேட்சிங், கடைசியாக அவுட்புட். முந்தைய படியில் எடுத்த முடிவு மாறினால் அடுத்த படியின் எண்கள் எல்லாம் மாறிவிடும் என்பதால்தான் இந்த வரிசை. கீழே வரும் எண்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில், 50 ஓம் அமைப்பில், தனி டிரான்சிஸ்டர் கொண்ட ஒற்றை நிலை எல்என்ஏவை மனதில் வைத்துப் போட்டவை. முறை மற்ற பேண்டுகளுக்கும் இதேதான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

டிரான்சிஸ்டரின் எஸ் பாராமீட்டர் (அதிர்வெண் வாரியாகப் பிரதிபலிப்பையும் கெயினையும் தரும் எண்கள்) கோப்பு வேண்டும்; அதற்குள் நாய்ஸ் பாராமீட்டர்களும் இருக்க வேண்டும். எஃப்மின் (எட்டக்கூடிய மிகக் குறைந்த நாய்ஸ் ஃபிகர்), காமா ஆப்ட், ஆர்என் (படி 2இல் விளக்கம்) ஆகிய மூன்றும் இல்லாத கோப்பால் கெயின் பெருக்கி வடிவமைக்கலாம், எல்என்ஏ வடிவமைக்க முடியாது. கோப்பைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். எஸ் பாராமீட்டர் பட்டியல் முடிந்த பிறகு, அதிர்வெண் மீண்டும் கீழிருந்து தொடங்கி ஐந்து நெடுவரிசைகளில் இன்னொரு பட்டியல் இருந்தால் அதுதான் நாய்ஸ் பகுதி.

இண்டக்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் தயாரிப்பாளர் தரும் எஸ்2பி (இரு முனை எஸ் பாராமீட்டர்) கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். மூராட்டா, காயில்கிராஃப்ட் போன்றவர்கள் இவற்றை இலவசமாகவே தருகிறார்கள். சிமுலேஷனுக்கு க்யூக்ஸ்-எஸ் போன்ற இலவச மென்பொருளே போதும். அளக்க ஒரு விஎன்ஏ (எஸ் பாராமீட்டர்களை அளக்கும் கருவி), ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர், ஒரு நாய்ஸ் சோர்ஸ் (அளவு தெரிந்த இரைச்சலைத் தரும் கருவி) தேவை. இவற்றில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இல்லாமல் மட்டும் வேலையைத் தொடங்காதீர்கள். ஆஸிலேஷனை வேறு எதாலும் நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க முடியாது.

1. முதலில் பட்ஜெட்டை எழுதுங்கள்

எல்என்ஏவுக்கு எவ்வளவு நாய்ஸ் ஃபிகர், எவ்வளவு கெயின் வேண்டும் என்பதை எல்என்ஏ தீர்மானிப்பதில்லை. அதற்குப் பின்னால் வரும் பகுதிகளும் முன்னால் வரும் இழப்புகளும் தீர்மானிக்கின்றன. ஃப்ரிஸ் சூத்திரம் சொல்வது இதைத்தான்: இரண்டாம் நிலையின் இரைச்சல், முதல் நிலையின் கெயினால் வகுக்கப்பட்டு மொத்தத்தில் சேரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எல்என்ஏ 0.8 டெசிபல், அதன் பின்னால் உள்ள ரிசீவர் ஐசி 8 டெசிபல். எல்என்ஏவின் கெயின் 10 டெசிபலாக இருந்தால் மொத்தம் சுமார் 2.4 டெசிபல். 15 ஆக்கினால் 1.4. 20 ஆக்கினால் 1.0. கெயினை 10லிருந்து 15க்கு உயர்த்தியபோது முழுதாக ஒரு டெசிபல் கிடைத்தது. அடுத்த 5 டெசிபலுக்கு 0.4தான் கிடைத்தது.

அந்த 0.4க்கு விலை உண்டு. ரிசீவர் ஐசியின் ஐஐபி3 (வலுவான சிக்னல்களைத் திரிக்காமல் தாங்கும் திறனின் அளவு) −10 டிபிஎம் (1 மில்லிவாட்டுடன் ஒப்பிட்ட டெசிபல்) என்றால், முன்னால் 15 டெசிபல் கெயின் வைக்கும்போது ஆன்டெனா பக்கத்திலிருந்து பார்க்க அது −25 ஆகிவிடும். 20 வைத்தால் −30. அருகில் வலுவான சிக்னல்கள் இருக்கும் இடத்தில், இரைச்சலில் சம்பாதித்ததைவிடக் கூடுதலாக இன்டர்மாடுலேஷனில் (வலுவான சிக்னல்கள் கலந்து உருவாக்கும் போலிச் சிக்னல்கள்) இழப்பீர்கள். எனவே கெயினுக்கு ‘குறைந்தது இவ்வளவு’ என்று மட்டும் எழுதாமல், ‘அதிகபட்சம் இவ்வளவு’ என்பதையும் எழுதுங்கள். புதியவர்கள் எழுதும் பட்ஜெட்டில் அந்த இரண்டாவது வரி கிட்டத்தட்ட எப்போதுமே இருக்காது.

அடுத்து ஃபில்டரின் இடம். அறை வெப்பநிலையில் எல்என்ஏவுக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு டெசிபல் இழப்பும் நாய்ஸ் ஃபிகரில் அப்படியே கூடும். மேலே சொன்ன 15 டெசிபல் அமைப்பின் முன்னால் 1.5 டெசிபல் இழப்புள்ள ஃபில்டரை வைத்தால் மொத்தம் 2.9 ஆகிவிடும், அதே ஃபில்டரை எல்என்ஏவுக்குப் பின்னால் வைத்தால் 1.6தான். ஆனால் பின்னால் வைத்தால், பேண்டுக்கு வெளியே இருக்கும் வலுவான சிக்னல்களை எல்என்ஏ நேரடியாகத் தாங்க வேண்டும். இதில் பொதுவான விடை கிடையாது. உங்கள் ரிசீவர் எந்த டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

கடைசியாக சென்சிட்டிவிட்டியை, அதாவது ரிசீவர் எடுக்கக்கூடிய மிகப் பலவீனமான சிக்னலின் அளவைச் சரிபாருங்கள். வெப்ப இரைச்சலான ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம்மில் தொடங்கி, 2 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த்துக்கு 63 கூட்டினால் −111. அதனுடன் நாய்ஸ் ஃபிகர் 1.4, டிகோட் செய்யத் தேவையான சிக்னல்-இரைச்சல் விகிதம் 10 என்று சேர்த்தால் ஏறத்தாழ −99.6 டிபிஎம். ப்ராஜெக்ட் கேட்பது −95 என்றால், 0.5 டெசிபல் டிரான்சிஸ்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

2. டிரான்சிஸ்டர் தேர்வு

எஃப்மின்னை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. ஆர்என்னையும் சேர்த்துப் பாருங்கள். சோர்ஸ் (பெருக்கிக்குச் சிக்னல் தரும் பக்கம்) இம்பீடன்ஸ் காமா ஆப்ட்டிலிருந்து விலகும்போது இரைச்சல் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைச் சொல்வது ஆர்என்.

இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் எஃப்மின் 0.5 டெசிபல், காமா ஆப்ட்டின் அளவு 0.3, கோணம் 90 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் ஆர்என் 5 ஓம், மற்றதன் ஆர்என் 20 ஓம். மேட்சிங் எதுவுமே போடாமல் நேராக 50 ஓமில் இணைத்தால் முதலாவது 0.63 டெசிபல் காட்டும், இரண்டாவது 0.98. உதிரிபாகங்களின் டாலரன்ஸ், பேண்டின் இரண்டு ஓரங்கள், வெப்பநிலை என்று மேட்சிங் விலகப்போவது உறுதி. அந்த விலகலை மன்னிக்கும் டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுங்கள்.

தேவைக்கு மீறிய வேகமுள்ள டிரான்சிஸ்டரையும் தவிர்க்கலாம். 12 கிகாஹெர்ட்ஸில் தாராளமாகக் கெயின் தரும் பாகத்தை 2.4க்குப் பயன்படுத்தினால், 12 வரை ஸ்டெபிலிட்டியைக் காப்பாற்றும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

3. பயாஸ்: மேட்சிங்கைத் தொடும் முன்பே முடித்துவிடுங்கள்

எஸ் பாராமீட்டர் கோப்பு ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் மட்டுமே செல்லும். 3 வோல்ட், 20 மில்லியாம்பியர் கோப்பை வைத்து வடிவமைத்துவிட்டு போர்டில் 12 மில்லியாம்பியர் ஓடவிட்டால், நீங்கள் வடிவமைத்தது வேறு ஒரு டிரான்சிஸ்டருக்கு. அதனால் மின்னோட்டத்தை முதலில் முடிவுசெய்து, அதற்குரிய கோப்பை எடுங்கள்.

இரைச்சல் மிகக் குறைவாக இருக்கும் மின்னோட்டம், கெயினுக்கும் லீனியாரிட்டிக்கும் (சிக்னல் திரியாமை) சிறந்த மின்னோட்டத்தைவிடப் பொதுவாகக் குறைவானது. எஃப்மின் வளைவு அடிப்பகுதியில் தட்டையாகத்தான் இருக்கும். அந்தத் தட்டையின் வலது ஓரத்தில், அதாவது சற்றுக் கூடுதல் மின்னோட்டத்தில் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். இரைச்சலில் நூறில் சில பங்கு டெசிபல் போகும். ஐஐபி3யில் பல டெசிபல் வரும்.

பயாஸை நிலைப்படுத்தவும் ஒரு வழி வேண்டும். என்ஹான்ஸ்மென்ட் வகை பிஹெம்ட் எனும் டிரான்சிஸ்டரில் (கால்கள்: கேட், டிரெயின், சோர்ஸ்) கேட் மின்னழுத்தம் பாகத்துக்குப் பாகம் மாறும். இரண்டு ரெசிஸ்டர் டிவைடரை மட்டும் நம்பினால் ஒரு போர்டில் 15, இன்னொன்றில் 30 மில்லியாம்பியர் என்று வரும். ஒரு சிறிய பிஎன்பி டிரான்சிஸ்டரை வைத்து ஆக்டிவ் பயாஸ் போடுவது நல்லது. டிப்ளீஷன் வகையாக இருந்தால் கேட்டின் எதிர்மின்னழுத்தம் முதலில் வர வேண்டும், டிரெயின் பிறகு. அணைக்கும்போது தலைகீழ் வரிசை. இதை மாற்றினால் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து கருகிவிடும்.

பயாஸ் ரெசிஸ்டரை நேராக இன்புட் புள்ளியில் தொங்கவிடுபவர்களும் உண்டு. 50 ஓம் சோர்ஸுக்குக் குறுக்கே 500 ஓம் இருந்தால் அது மட்டுமே 0.4 டெசிபலைத் தின்றுவிடும். 10 கிலோஓம் என்றால் 0.02தான். சிறிய மதிப்பு தவிர்க்க முடியாதது என்றால் இடையில் ஒரு ஆர்எஃப் சோக் (ரேடியோ அதிர்வெண்ணைத் தடுக்கும் இண்டக்டர்) வையுங்கள்.

4. ஸ்டெபிலிட்டி: அதிக நேரம் இங்கே போகட்டும்

இந்தப் படியை மேட்சிங்குக்குப் பிறகு செய்பவர்கள் இரண்டு முறை வேலை செய்கிறார்கள். ஸ்டெபிலிட்டிக்காகச் சேர்க்கும் ஒவ்வொரு பாகமும் எஸ் பாராமீட்டரை மாற்றும், காமா ஆப்ட்டையும் நகர்த்தலாம். முதலில் அடங்காத குதிரைக்குக் கடிவாளம் போடுங்கள், சேணம் பிறகு.

எந்த அதிர்வெண்களில் பார்ப்பது? பேண்டில் மட்டும் பார்த்தால் போதாது. 10 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, டிரான்சிஸ்டருக்குக் கெயின் இருக்கும் கடைசி அதிர்வெண் வரை, இங்கே குறைந்தது 12 கிகாஹெர்ட்ஸ் வரை பார்க்க வேண்டும். காரணம் எளிது. உங்கள் ஆன்டெனாவும் ஃபில்டரும் 50 ஓமாக இருப்பது பேண்டுக்குள் மட்டுமே. வெளியே சா (மேற்பரப்பு ஒலி அலை) ஃபில்டர் ஏறக்குறைய முழுப் பிரதிபலிப்பாளன். எந்தக் கோணத்தில் பிரதிபலிக்கும் என்பது டிரேஸின் நீளத்தைப் பொறுத்து மாறும். எந்தக் கோணம் வந்தாலும் ஆஸிலேட் ஆகாமல் இருக்க வேண்டும். அதனால்தான் ‘அன்கண்டிஷனல்’ ஸ்டெபிலிட்டியைக் கேட்கிறோம்.

எஸ் பாராமீட்டர்களிலிருந்து கணக்கிடும் கே என்ற ஸ்டெபிலிட்டி எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கேவுடன் டெல்டாவின் (எஸ் பாராமீட்டர் அணியின் டிட்டர்மினன்ட்) அளவும் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும். இரண்டு வளைவுகளைப் பார்ப்பதைவிட மியூ என்ற ஒரே அளவைப் பாருங்கள். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் போதுமானது. ஸ்மித் சார்ட்டின் மையத்திலிருந்து ஆபத்தான பகுதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே மியூ என்பதால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு மார்ஜின் இருக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

சரிசெய்யும் வழிகளில் நான் முதலில் எடுப்பது டிரெயின் பக்கத்துத் தொடர் ரெசிஸ்டர், 10 முதல் 22 ஓம் வரை. அவுட்புட்டில் வரும் இழப்பு எல்என்ஏவின் கெயினால் வகுக்கப்படுவதால் இரைச்சலில் அதிகம் தெரியாது. இதே ரெசிஸ்டரை இன்புட்டில் வைக்காதீர்கள். 5 ஓம் தொடரில் சேர்த்தாலே 0.4 டெசிபல் போய்விடும்.

அடுத்தது தாழ்ந்த அதிர்வெண். டிரான்சிஸ்டரின் கெயின் கீழே போகப் போக ஏறும், 2.4 கிகாஹெர்ட்ஸில் 16 டெசிபல் தரும் பாகம் 200 மெகாஹெர்ட்ஸில் 25க்கு மேலும் தரும். அங்கே கேட் சோக்கின் மறுமுனையில் உள்ள கெப்பாசிட்டர் நேராக கிரவுண்டுக்குப் போனால், தாழ்ந்த அதிர்வெண்ணில் டிரான்சிஸ்டர் காண்பது வெறும் ரியாக்டன்ஸை மட்டுமே. அடக்குவதற்கு ரெசிஸ்டன்ஸ் இல்லை. சோக்குக்கும் பெரிய கெப்பாசிட்டருக்கும் நடுவில் ஒரு 50 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். பேண்டில் சோக் அதை மறைத்துவிடும். கீழே அது அமைதியாகச் சிக்னலைத் தின்னும். இரைச்சலில் ஏறக்குறைய செலவே இல்லாத மருந்து இது. நான் பார்த்த ஆஸிலேட் ஆகும் போர்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு ரெசிஸ்டரால் அடங்கியிருக்கின்றன.

5. சோர்ஸ் இண்டக்டன்ஸ்: கொஞ்சம் போதும்

டிரான்சிஸ்டரின் சோர்ஸ் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே சிறிய இண்டக்டன்ஸ் வைத்தால் இன்புட் இம்பீடன்ஸில் ஒரு ரெசிஸ்டிவ் பகுதி தோன்றும், அதுவும் ரெசிஸ்டரின் இரைச்சல் இல்லாமல். இதனால் குறைந்த இரைச்சல் தரும் இம்பீடன்ஸும் நல்ல ரிட்டர்ன் லாஸ் (பிரதிபலிப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) தரும் இம்பீடன்ஸும் ஒன்றையொன்று நெருங்கி வரும். எஃப்டி (மின்னோட்டக் கெயின் ஒன்றாகக் குறையும் அதிர்வெண்) 30 கிகாஹெர்ட்ஸ் உள்ள பாகத்துக்கு 0.2 நானோஹென்ரி வைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 38 ஓம். எவ்வளவு சிறிய மதிப்பு என்று பாருங்கள்.

இப்போது போர்டின் அடுக்குகளை இணைக்கும் உலோகத் துளையான வயாவைக் கணக்கிடுவோம். 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள போர்டில் 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வயாவே சுமார் 0.54 நானோஹென்ரி. 1.6 மில்லிமீட்டர் போர்டில் அதுவே 1.3. சிமுலேஷனில் சோர்ஸை நேராக கிரவுண்டில் கட்டிவிட்டு, போர்டில் ஒரு காலுக்கு ஒரே வயா போட்டால், தேவையான இண்டக்டன்ஸைவிடப் பல மடங்கு கேட்காமலே வந்துவிடும். விளைவாக 2.4இல் கெயின் குறையும், 6 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே மியூ ஒன்றுக்குக் கீழே விழும்.

எனவே தடிமன் குறைந்த போர்டை எடுங்கள், ஒவ்வொரு சோர்ஸ் காலுக்கும் மூன்று நான்கு வயாக்கள் வையுங்கள், அவற்றின் மதிப்பைச் சிமுலேஷனில் சேருங்கள். கூடுதலாக வேண்டுமென்றால் மட்டும் குறுகிய டிரேஸை நீட்டுங்கள். இரண்டு சோர்ஸ் கால்கள் உள்ள உறையில் இருபக்கமும் ஒரே நீளம் இருக்கட்டும். இதைச் சேர்த்த பிறகு படி 4க்குத் திரும்பி மியூவை மறுபடி பாருங்கள்.

6. இன்புட் மேட்சிங்

இப்போதுதான் ஸ்மித் சார்ட். பயாஸ், ஸ்டெபிலிட்டி பாகங்கள், சோர்ஸ் இண்டக்டன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்தச் சுற்றுக்கு நாய்ஸ் வட்டங்களையும் கெயின் வட்டங்களையும் ஒன்றாக வரையுங்கள். வெறும் டிரான்சிஸ்டரின் டேட்டாஷீட் காமா ஆப்ட்டை வைத்து மேட்ச் செய்தால் குறி தப்பிவிடும்.

எஃப்மின்னின் மையத்திலேயே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 0.1 டெசிபல் வெளி வட்டத்துக்கு நகர்ந்தால் கெயினும் ரிட்டர்ன் லாஸும் பெரும்பாலும் கணிசமாக மேம்படும். 10 டெசிபல் ரிட்டர்ன் லாஸ் கிடைத்தால் நான் நிறுத்திக்கொள்வேன். அதில் பிரதிபலித்துப் போவது பத்தில் ஒரு பங்கு பவர். கெயினில் அது 0.46 டெசிபல் மட்டுமே, நாய்ஸ் ஃபிகரில் நேராகச் சேராது. முன்னால் ஃபில்டர் இருந்து, அதன் வளைவு கெடுகிறது என்றால் மட்டும் மேலும் மெனக்கெடுங்கள்.

பாகங்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் இழப்பு. தொடர் இண்டக்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 3.9 நானோஹென்ரி, 2.4 கிகாஹெர்ட்ஸில் 59 ஓம் ரியாக்டன்ஸ். அதன் கியூ (ரியாக்டன்ஸுக்கும் உள் ரெசிஸ்டன்ஸுக்கும் உள்ள விகிதம்) 30 என்றால் உள்ளே 2 ஓம் ஒளிந்திருக்கிறது. 50 ஓம் சோர்ஸில் அது 0.17 டெசிபல். கியூ 60 உள்ள கம்பி சுற்றிய வகையை வைத்தால் 0.08. எஃப்மின்னில் 0.1 டெசிபல் குறைக்க விலை உயர்ந்த டிரான்சிஸ்டரைத் தேடுவதைவிட, மல்டிலேயர் இண்டக்டரை எடுத்துவிட்டுக் கம்பி சுற்றியதை வைப்பது மலிவு, உறுதியும்கூட.

தொடர் கெப்பாசிட்டர், குறுக்கே இண்டக்டர் என்ற ஹைபாஸ் வடிவம் உங்கள் இம்பீடன்ஸுக்குப் பொருந்தினால் அதையே எடுங்கள். கெப்பாசிட்டர் டிசியைத் தடுக்கும், இண்டக்டர் வழியாகவே பயாஸ் கொடுக்கலாம், தாழ்ந்த அதிர்வெண் சிக்னல்கள் உள்ளே வராது. மூன்று வேலைக்கு இரண்டே பாகங்கள்.

தனியாக டிசி பிளாக் தேவைப்பட்டால் 100 நானோஃபாரடை எடுத்து வைக்காதீர்கள். 0402 என்ற சிறிய அளவுப் பாகத்தில் சுமார் 0.4 நானோஹென்ரி உள்ளார்ந்த இண்டக்டன்ஸ் இருக்கும். அதனுடன் 10 பிக்கோஃபாரட் 2.5 கிகாஹெர்ட்ஸ் அருகே ரெசனன்ஸ் ஆகி, மிகக் குறைந்த இம்பீடன்ஸ் தரும். வெப்பநிலையால் மதிப்பு அதிகம் மாறாத சி0ஜி வகையை எடுங்கள்.

7. அவுட்புட் மேட்சிங்

இது எளிய படி. இன்புட் முடிவான பின் அவுட்புட்டில் தெரியும் காமா அவுட் என்ற பிரதிபலிப்பு மதிப்பைக் கணக்கிட்டு, அதன் கான்ஜுகேட்டுக்கு மேட்ச் செய்யுங்கள். டிரான்சிஸ்டரின் அவுட்புட் பிரதிபலிப்பான எஸ்22ஐ மட்டும் பார்த்து மேட்ச் செய்யக் கூடாது. எஸ்12 (அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் கசிவு) வழியாக இன்புட் மேட்சிங்கின் பாதிப்பு அவுட்புட்டுக்கு வரும். லீனியாரிட்டி முக்கியம் என்றால் கான்ஜுகேட்டிலிருந்து கொஞ்சம் விலகி, கெயினில் அரை டெசிபல் விட்டுக்கொடுங்கள்.

டிரெயின் பயாஸ் வரியில் 10 பிக்கோஃபாரட், 1 நானோஃபாரட், 100 நானோஃபாரட் என்று மூன்று கெப்பாசிட்டர்களை வரிசையாக வையுங்கள், சிறியது டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில். பெரிய கெப்பாசிட்டர் மின்வழங்கியின் இரைச்சலுக்கு மட்டும் அல்ல. அருகருகே இரண்டு வலுவான சிக்னல்கள் வரும்போது அவற்றின் வித்தியாச அதிர்வெண், சில மெகாஹெர்ட்ஸில், பயாஸ் வரியில் தோன்றும். அதைக் குறுக்கே இறக்கிவிடாவிட்டால் அது திரும்பப் போய்ச் சிக்னலை மாடுலேட் செய்து ஐஐபி3யைக் கெடுக்கும்.

8. லேஅவுட்

ஆன்டெனா கனெக்டரிலிருந்து டிரான்சிஸ்டரின் கேட் வரை உள்ள தூரமே இந்தப் படியின் முதல் கேள்வி. சாதாரண போர்டுப் பொருளான எஃப்ஆர்4இல் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சென்டிமீட்டர் டிரேஸ் கிட்டத்தட்ட 0.1 டெசிபல் இழக்கும். மூன்று சென்டிமீட்டர் ஓடவிட்டால் 0.3 போய்விட்டது, அதை எந்த மேட்சிங்காலும் திரும்பப் பெற முடியாது. ஒரு சென்டிமீட்டருக்குள் முடித்தால் எஃப்ஆர்4ஏ போதும். முடியாதபோது மட்டும் ரோஜர்ஸ் 4350பி போன்ற இழப்பு குறைந்த பொருளுக்குப் போங்கள்.

இன்புட்டிலிருந்து அவுட்புட்டுக்கு நேர்கோட்டில் போகட்டும். யு வடிவில் மடிக்காதீர்கள். மடித்தால் இரண்டு முனைகளும் அருகருகே வந்து ஃபீட்பேக் கிடைத்துவிடும். இன்புட் இண்டக்டரும் அவுட்புட் இண்டக்டரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கட்டும். கேட் பக்க டீகப்ளிங்குக்கும் டிரெயின் பக்க டீகப்ளிங்குக்கும் ஒரே கிரவுண்டு வயாவைப் பகிராதீர்கள்.

ஷீல்டு பெட்டியைக் கடைசி நிமிடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டாம். 60க்கு 40 மில்லிமீட்டர் உலோகப் பெட்டி 4.5 கிகாஹெர்ட்ஸ் அருகே ரெசனன்ஸ் ஆகும். உங்கள் டிரான்சிஸ்டருக்கு அங்கே இன்னும் கெயின் இருக்கிறது. மூடி இல்லாமல் நன்றாக வேலை செய்து, மூடி போட்டதும் ஆஸிலேட் ஆகும் போர்டுகளுக்கு இதுவே காரணம். சிறிய பெட்டியை எடுத்தால் ரெசனன்ஸ் மேலே போய்விடும்.

9. பேடுகளோடு மறுசிமுலேஷன்

போர்டைச் செய்யக் கொடுக்கும் முன், உண்மையான டிரேஸ் நீளங்கள், பேடுகள், வயாக்கள், தயாரிப்பாளரின் எஸ்2பி கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். வளைவு பெரும்பாலும் கீழ் அதிர்வெண்ணுக்கு நகர்ந்திருக்கும், ஏனென்றால் விட்டுப்போன ஒவ்வொரு பேடும் கெப்பாசிட்டன்ஸையும் ஒவ்வொரு டிரேஸும் இண்டக்டன்ஸையும் கூட்டுகின்றன. பாக மதிப்புகளை இங்கே திருத்துவது, போர்டில் 0402 பாகங்களைக் கழற்றி மாட்டுவதைவிட எவ்வளவோ சுலபம்.

10. போர்டுக்கு முதல்முறை மின்சாரம் கொடுத்தல்

விஎன்ஏவை இணைக்க அவசரப்படாதீர்கள். இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேஷன் மாட்டி, கரண்ட் லிமிட் வைத்த மின்வழங்கியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். மின்னோட்டம் வடிவமைத்ததற்கு அருகே வருகிறதா என்று பாருங்கள். கேட்டில் நேராக மல்டிமீட்டர் முனையை வைக்க வேண்டாம். அந்த வயரே ஒரு ரெசனேட்டராகி ஆஸிலேஷனைத் தூண்டும். சோக்கின் மறுபக்கத்தில் அளங்கள். கையில் இஎஸ்டி (நிலைமின் பாதுகாப்பு) பட்டை கட்டாயம்.

இனி ஒரு எளிய சோதனை. மின்னோட்டத்தைப் பார்த்தபடியே, விரலை டிரான்சிஸ்டருக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, தொடாமல் கொண்டுவாருங்கள். அசையாமல் 20.0 காட்டிக்கொண்டிருந்த மீட்டர் 20.4க்கோ 18க்கோ தாவினால் எங்கோ ஆஸிலேட் ஆகிறது. சீராக இயங்கும் பெருக்கிக்கு விரல் இருப்பதே தெரியாது.

பிறகு அவுட்புட்டில் ஸ்பெக்ட்ரம் அனலைசரை இணைத்து, 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து கருவியின் எல்லை வரை பாருங்கள். இன்புட்டில் டெர்மினேஷன் இருக்கும்போது ஒருமுறை, திறந்து விட்டு ஒருமுறை, ஷார்ட் செய்து ஒருமுறை, வெவ்வேறு நீளக் கேபிள்களின் முனையைத் திறந்து விட்டு ஒருமுறை, கடைசியில் மூடியோடு. கேபிள் நீளம் மாறும்போது பிரதிபலிப்பின் கோணம் மாறுவதால், படி 4இல் கணக்கில் பார்த்த எல்லாக் கோணங்களையும் நிஜத்தில் சுற்றிவருகிறீர்கள். இது முடியும்வரை அளக்கும் எந்த நாய்ஸ் ஃபிகரையும் நம்ப வேண்டாம்.

11. அளவீடு

விஎன்ஏவின் பவரை −30 டிபிஎம்முக்கு இறக்கி, அதே பவரில் கேலிபரேஷன் செய்யுங்கள். இயல்பாக வரும் 0 அல்லது −10 டிபிஎம்மில் அளந்தால் எல்என்ஏ கம்ப்ரஷனில் போய், கெயினைக் குறைத்துக் காட்டும். கையடக்க விஎன்ஏக்கள் பலவற்றில் பவரைப் போதுமான அளவு குறைக்க முடியாது. முதல் போர்ட்டில் 20 டெசிபல் அட்டென்யுவேட்டர் மாட்டி, அதன் முனையில் கேலிபரேட் செய்யலாம்.

நாய்ஸ் ஃபிகருக்கு ஒய் ஃபேக்டர் முறை: நாய்ஸ் சோர்ஸை ஆன், ஆஃப் செய்து, இரண்டு அவுட்புட் பவர்களின் விகிதமான ஒய்யை எடுப்பது. இதில் நான்கு இடங்களில் எண் கெடும்.

முதலாவது, பின்னால் இருக்கும் கருவி. ஸ்பெக்ட்ரம் அனலைசரின் நாய்ஸ் ஃபிகர் 24 டெசிபல் என்றால், 15 டெசிபல் கெயினால் வகுத்த பிறகும் அதன் பங்கு, நீங்கள் அளக்க விரும்பும் எல்என்ஏவின் பங்கைவிடப் பல மடங்கு பெரியது. கழித்துத் திருத்தினாலும் மிஞ்சுவது நம்பத்தகாத எண். எல்என்ஏவுக்கும் அனலைசருக்கும் இடையே நல்ல ப்ரீஆம்ப்ளிஃபையர் ஒன்றை வையுங்கள்.

இரண்டாவது, நாய்ஸ் சோர்ஸின் வகை. இஎன்ஆர் (சோர்ஸ் தரும் கூடுதல் இரைச்சலின் அளவு) 15 டெசிபல் உள்ள சோர்ஸைவிட, உள்ளே அட்டென்யுவேட்டர் உள்ள 5 முதல் 6 டெசிபல் சோர்ஸ் எல்என்ஏவுக்கு ஏற்றது. சோர்ஸ் ஆன் ஆகும்போதும் ஆஃப் ஆகும்போதும் அதன் இம்பீடன்ஸ் சற்று மாறும். அந்த மாற்றம் எல்என்ஏவின் கெயினையும் மாற்றி ஒய்யைக் கெடுக்கும். அட்டென்யுவேட்டர் அந்த மாற்றத்தை மறைக்கிறது.

மூன்றாவது, வெப்பநிலை. இஎன்ஆர் அட்டவணை 290 கெல்வினை, அதாவது 17 டிகிரி செல்சியஸை அடிப்படையாகக் கொண்டது. அறை 27 டிகிரியில் இருக்கும்போது இதைத் திருத்தாமல் விட்டால் உண்மையில் 0.6 டெசிபல் உள்ள எல்என்ஏ 0.73 என்று காட்டும். 0.6 டெசிபல் என்பதே வெறும் 43 கெல்வின்தான். அதில் 10 கெல்வின் பிழை சிறியது இல்லை.

நான்காவது, சோர்ஸுக்கும் போர்டுக்கும் இடையே உள்ள அடாப்டர். அதன் இழப்பு 0.1 டெசிபல் என்றால் எண்ணில் 0.1 கூடும். முடிந்தால் நேராக மாட்டுங்கள். முடியாவிட்டால் இழப்பைத் தனியாக அளந்து கழியுங்கள். மேசையில் உள்ள மொபைல்களையும் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அதைச் செய்தும் நாய்ஸ் வளைவில் கூர்மையான மேடு ஒன்று தெரிந்தால், அது வெளியிலிருந்து வரும் சிக்னலாகத்தான் இருக்கும். ஷீல்டுக்குள் வைத்து மறுபடி அளங்கள்.

ட்யூன் செய்ய வேண்டியிருந்தால் ஒரு நேரத்தில் ஒரே பாகத்தை மாற்றுங்கள். இன்புட் பாகத்தை மாற்றும்போது விஎன்ஏ காட்டும் எஸ்11 என்ற இன்புட் பிரதிபலிப்பைப் பார்க்காமல் நாய்ஸ் ஃபிகரையே பாருங்கள். இரண்டின் சிறந்த புள்ளியும் ஒன்றல்ல.

கடைசி அளவீடு இரண்டு டோன் சோதனை. இரண்டு சிக்னல்கள் −30 டிபிஎம்மில் வந்து, எல்என்ஏவின் ஐஐபி3 0 டிபிஎம்மாக இருந்தால், இன்புட்டுக்கு மாற்றிப் பார்க்கும்போது இன்டர்மாடுலேஷன் −90 டிபிஎம்மில் நிற்கும். பட்ஜெட்டில் கணக்கிட்ட −99.6 சென்சிட்டிவிட்டியைவிட அது ஏறக்குறைய 10 டெசிபல் மேலே. ஐஐபி3யை +5 ஆக்கினால் −100க்கு இறங்கிவிடும். ஜெனரேட்டர்கள் ஒன்றையொன்று மாடுலேட் செய்யாதபடி ஒவ்வொன்றின் அவுட்புட்டிலும் 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் வைத்துவிட்டு இணையுங்கள். அனலைசரின் உள் அட்டென்யுவேட்டரை 10 டெசிபல் கூட்டிப் பாருங்கள்: இன்டர்மாடுலேஷனின் அளவு மாறாமல் இருந்தால் அது எல்என்ஏவுடையது, குறைந்தால் அனலைசருடையது.